பச்சை முயலணைப்பு

கனோரா, சஸ்காச்சுவான்
செப்டம்பர் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பராஸ்கா எழுதுவது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் நலம். நலம் என்று மட்டும் எழுதினால் போதாது, யார் யார் என்னென்ன சாதித்தார்கள் என்று எழுதினால்தான் உங்களுக்கும் தெரியும். பெரிய மகளின் மகன் டாரல் விவசாயக் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டான். இந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் கிடைத்தது. அவன் தம்பி இந்த அறுவடைக்கு இயந்திரத்தைத் தனியாக ஓட்டினான், ஒரு வரிசைகூடக் கோணல் இல்லை என்று எங்களோடு பேசாத பக்கத்து வயல்காரரே வேலியோரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். சின்ன மகளின் குழந்தை தவழாமலே எழுந்து நடந்துவிட்டது. நம் பேத்தி டானிஸ் ஊர்க் கண்காட்சியில் பீட்ரூட் ஊறுகாய்க்கு முதல் பரிசு வாங்கினாள். என் மைரன் குடும்பத்தோடு வின்னிபெக்குக்கு மூட்டை கட்டுவதற்கு முந்தைய வாரம் அது. செய்முறை என்னுடையது.

அங்கே வந்தபின் நீச்சலில் பதக்கம் வாங்கினாளாம். இதை நான் யார் வாயால் கேட்டேன் தெரியுமா? தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு கிள்ளிக்கொண்டிருந்தபோது ஹாலியா சொன்னாள். அவள் அக்கா உங்கள் தெருவில் இருக்கிறாளாம். என் பேத்தியின் பதக்கத்தை எனக்கு ஹாலியா சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டேன். அன்றைக்கு நான் கிள்ளிய பெரோகியில் பாதி வெந்நீரில் வாயைத் திறந்துவிட்டது.

போனில் பேசலாம்தான். ஆனால் போன தடவை நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் மைரனுக்குத் தலை சுற்றி, "அம்மா, இனிமே நீங்களும் அத்தையும் கடுதாசியில பேசிக்கோங்க. அதுலயாவது ஒருத்தர் முடிச்சப்புறம்தான் இன்னொருத்தர் ஆரம்பிக்க முடியும்" என்று சொல்லிவிட்டான். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போன வாரம் தொழிலாளர் தினத்தன்று ரெஜைனாவில் நடந்த கனடியன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு முழங்கால் வலி என்று நீங்கள் வரவில்லை. மைரனும் உங்கள் மகள் லெசியாவும் டானிஸை அழைத்து வந்தார்கள். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கடைசி நிமிடம் வரை உங்கள் நீல அணியும் எங்கள் பச்சை அணியும் சமம். எங்கள் உதைகாரன் ஓங்கி உதைத்தான், பந்து கம்பத்துக்கு வெளியே போனாலும் பின்கோட்டைத் தாண்டி விழுந்தது, அதற்கும் ஒரு புள்ளி உண்டு. ஒரே புள்ளியில் வெற்றி. டானிஸ் இந்தப் பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாபா, நாம ஜெயிச்சுட்டோம்" என்றாள். அவங்க ஜெயிச்சுட்டாங்க என்று சொல்லவில்லை, நாம என்று சொன்னாள். கவனித்துக்கொள்ளுங்கள்.

பராஸ்கா

வின்னிபெக்
செப்டம்பர் 19

சம்பந்தியம்மா,

கடிதம் கிடைத்தது. அந்தப் பதக்கம் வெண்கலம். மூன்றாவது வந்ததற்குக் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கெல்லாம் கடிதம் போடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. முதலாவதாக வரட்டும், எழுதுகிறேன்.

ஆட்டத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். கம்பத்துக்கு நடுவே போக வேண்டிய பந்து போகவில்லை. தவறவிட்டதற்கு ஒரு புள்ளி. தவறவிட்டு ஜெயித்ததைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொண்டாடியிருக்கிறீர்கள். நான் முப்பது வருடம் தையல் ஆலையில் வேலை பார்த்தவள். தையல் கோடு விலகினால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்போம். விலகியதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

பேத்தி எனக்குத்தான் கிடைத்துவிட்டாள் என்று உங்களுக்குப் பொருமல். எழுத்திலேயே தெரிகிறது. என் வீட்டு மாடியில் தூங்குகிறாள், என் கையால் சாப்பிடுகிறாள், எல்லாம் சரி. நம் இருவரையும் பாபா என்று கூப்பிடுவதால் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்கிறாள். நான் வின்னிபெக் பாபா, நீங்கள் கனோரா பாபா. ஒரு நாளில் எந்தப் பெயர் அதிகம் காதில் விழுகிறது என்று நினைக்கிறீர்கள்? கனோரா பாபா வெங்காயத்தை வெண்ணெயில் கருகவிடுவார்களாம். நானும் கருகவிட்டுப் பார்த்தேன். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா இது வேற கருகல்" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன செய்ய?

முழங்கால் வலி உண்மைதான். பச்சைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் இன்னும் வலித்திருக்கும்.

தெக்லா

கனோரா
அக்டோபர் 18

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வானொலியில் சொல்லிவிட்டார்கள். இனி மிச்சமிருக்கும் ஆட்டத்தில் யார் வென்றாலும் தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் வரிசை மாறாது. நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊரில், உங்களுக்கும் எங்களுக்கும் மறுபடியும் ஆட்டம். தோற்றவர்களுக்கு இந்த வருடம் அதோடு முடிந்தது.

நான் வருகிறேன். மைரன் நான்கு டிக்கெட் வாங்கிவிட்டான், ஒரே வரிசை. லெசியாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலையாம், அதனால் நீங்கள், நான், மைரன், டானிஸ். சனிக்கிழமை பேருந்தில் ஏறுவேன். எங்கள் வீட்டுக்காரர் மாடுகளைப் பார்த்துக்கொள்வார். "அவ்வளவு தூரம் போயி தோக்குறதைப் பாக்கணுமா? அதை இங்கேயே ரேடியோவுல கேக்கலாமே" என்கிறார். அவர் கிடக்கிறார்.

தோற்க மாட்டோம். ஏன் என்று சொல்கிறேன். நவம்பரில் உங்கள் மைதானத்தில் வடக்குக் காற்று அடிக்கும், பந்தை எறிபவன் விரல் விறைத்துப்போகும். எறிவதை நம்பி இருப்பவர்கள் நீங்கள். நாங்கள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டி மோதிப் போகிறவர்கள், மூன்று முயற்சியில் பத்து கஜம் போக எங்களுக்குக் காற்று தேவையில்லை. உங்கள் எறிகாரனுக்குத் தோள்பட்டையில் அடி, கட்டு போட்டுக்கொண்டுதான் பயிற்சிக்கு வருகிறான் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

உங்களிடம் நான் பயப்படுவது ஒருவனுக்குத்தான். ஹாக்லண்ட். அவன் யார்? எங்கள் பக்கத்து ஊர்ப் பையன். அவன் அப்பாவின் தானியக் கிடங்கில்தான் நாங்கள் கோதுமை போடுகிறோம். ஐந்து வருடம் பச்சைச் சட்டையில் பந்து பிடித்தவன். நீங்கள் கூப்பிட்டீர்கள், போய்விட்டான். தொழிலாளர் தினத்தன்று அவன் நீலத்தில் ஓடி வந்தபோது எங்கள் பக்கத்தில் ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனசு ஆறியிருக்கும். வளர்ப்பது ஒரு ஊர், வாரிக்கொள்வது இன்னொரு ஊர். நான் ஆட்டக்காரனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. டானிஸுக்கு ஒரு முயலணைப்பு தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆட்டத்தன்று காலையில் அவள் கையில் கொடுங்கள். அதுவரை பிரிக்க வேண்டாம், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

பராஸ்கா

வின்னிபெக்
அக்டோபர் 25

சம்பந்தியம்மா,

எறிகாரனின் தோள் நன்றாக இருக்கிறது. கட்டு போட்டிருப்பது உங்களைப் போன்றவர்கள் பார்ப்பதற்காக. காற்று எங்களுக்கும் அடிக்கும், உங்களுக்கும் அடிக்கும், ஆனால் நாங்கள் அந்தக் காற்றிலேயே வாழ்கிறோம். தொழிலாளர் தினத்துக்குப் பிறகு எங்கள் தடுப்பு வரிசையில் இரண்டு பேரை மாற்றியிருக்கிறார்கள், இரண்டும் மலை மாதிரி. உங்கள் ஆட்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரட்டும், அணைத்துக்கொண்டே திரும்பிப் போகலாம். ஹாக்லண்டை யாரும் வாரிக்கொள்ளவில்லை. இங்கே அவனுக்கு வேலை இருந்தது, வந்தான். மைரனும் அப்படித்தான் வந்தார். நானும் ஆட்டக்காரனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நேற்று டானிஸ் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "யாருடி ஜெயிப்பாங்க?" என்று கேட்டேன். "நாமதான்" என்றாள். எந்த நாம என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்கு ஒரு நீலத் தொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்றாள். தலையில் வைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் பார்சல் வந்தது. நீங்கள் சொன்னபடி பிரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினொரு வயது. கட்டிப்பிடித்துத் தூங்க முயல் பொம்மை கொடுக்கிற வயது தாண்டிவிட்டது. உங்கள் கண்ணுக்கு அவள் இன்னும் தொட்டில் பிள்ளை. கூடவே இருக்கிறவளுக்குத்தான் வளர்ந்தது தெரியும். பெரிய பெண்ணை ஆட்ட மைதானத்தில் பொம்மையோடு உட்கார வைத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தேவாலயத்தில் வடக்கே இருக்கும் பிள்ளைகளுக்குப் பொம்மை சேர்த்தார்கள், பனி இறுகுவதற்குள் விமானத்தில் அனுப்ப வேண்டுமாம். அதில் போட்டுவிட்டேன். உங்கள் பெயரில்தான் போட்டேன். புண்ணியம் உங்களுக்கே.

சனிக்கிழமை மைரன் பேருந்து நிலையத்துக்கு வருவார்.

தெக்லா

கனோரா
அக்டோபர் 30

திருமதி தெக்லா அவர்களுக்கு,

புண்ணியம் எனக்கு வேண்டாம்.

முயலணைப்பு என்றால் பொம்மையா? தலைக்குக் குல்லாய் சேர்த்துத் தைத்து, முன்னால் இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ள ஒரே பை வைத்த கம்பளிச் சட்டைக்கு வேறு என்ன பெயர்? இங்கே பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லும். உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்ப வேண்டுமா? உங்கள் சொந்த மகள் கனோராவில் பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தினாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பார்சலுக்குள் பச்சை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பச்சை போனால்தான் நீலத் தொப்பி தலையில் ஏறும்.

அந்தக் குல்லாயின் ஓரம் முழுக்கக் குறுக்குத் தையலில் கோதுமைக் கதிர் போட்டிருந்தேன். என் கண்ணுக்கு இப்போதெல்லாம் ஊசிக் காது தெரிவதில்லை, எங்கள் வீட்டுக்காரர்தான் நூல் கோத்துக் கொடுத்தார். "பாத்துக் குத்து, இது அவ கல்யாணத்துக்கு இல்ல, பந்தாட்டத்துக்கு" என்று கேலி பண்ணிக்கொண்டே கோத்தார். அதை யாரோ முகம் தெரியாத பிள்ளை போட்டுக்கொண்டு நடக்கிறது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். கோபம் அந்தப் பிள்ளைமேல் இல்லை.

தினமும் அவள் தலையை வாரிவிடுகிறீர்கள். அவள் பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்கிறீர்கள். பத்து வருடம் என் கதவைத்தான் தட்டினாள். இப்போது நாலு மணி ஆனால் நான் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து வீட்டு நாய்தான் வருகிறது. என்னிடம் அனுப்ப ஒரு சட்டைதான் இருந்தது.

நான் ஆட்டத்துக்கு வரவில்லை. என் டிக்கெட்டை யாருக்காவது கொடுங்கள். கொடுப்பது உங்களுக்குப் புதிதில்லை. மைரனிடம் இடுப்பு வலி என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

பராஸ்கா

வின்னிபெக்
நவம்பர் 11

சம்பந்தியம்மா,

முடிவு உங்களுக்குத் தெரியும். ஏழு புள்ளியில் நாங்கள் ஜெயித்தோம். அதற்காக எழுதவில்லை.

முதலில் இது. தேவமாதா மேல் ஆணையாக எனக்கு அந்த வார்த்தை தெரியாது. உங்கள் கடிதம் வந்த அன்றே பெரிய துணிக்கடைக்குப் போய், முயலணைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். விற்கிற பையன் பொம்மைப் பிரிவுக்கு வழி காட்டினான். உங்கள் மாகாணத்து எல்லையைத் தாண்டினால் அதற்குப் பெயர் குல்லாய்ச் சட்டை. லெசியாவிடம் கேட்டிருக்கலாம் என்றால், கேட்டிருக்கலாம்தான். கேட்டால், அம்மா இதுகூடத் தெரியாதா, கனோரா அத்தைக்குத் தெரியுமே என்பாள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. இது ஒன்றுதான் உங்கள் சந்தேகத்தில் சரி.

தேவாலயத்துக்கு ஓடினேன். பெட்டி முந்தைய நாளே விமானம் ஏறிவிட்டது.

டானிஸிடம் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "கனோரா பாபா அந்த வார்த்தையைத்தான் எழுதியிருந்தாங்களா? முயலணைப்புன்னு?" ஆமாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி வகுப்பே சிரித்ததாம். அதிலிருந்து அதை வாயில் எடுப்பதில்லையாம். "எனக்கே அந்த வார்த்தை மறந்துபோச்சுன்னு நெனச்சேன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்கு உடனே புரியவில்லை.

என் வீட்டுக்குள் பச்சை நிறம் காய்கறியாக மட்டும்தான் வந்திருக்கிறது. மறுநாள் காலையில் போய்ப் பச்சைக் கம்பளித் துணி வாங்கிவந்தேன். அளவெடுக்கும்போது அவள் நிற்காமல் உத்தரவு போட்டாள். "பை ரெண்டா வெக்காதீங்க, ஒரே பைதான். கை ரெண்டும் உள்ள போயி ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கணும். இல்லன்னா அது முயலணைப்பு இல்ல." அப்படியே தைத்தேன். கதிர் எனக்குப் போட வராது. வெறும் ஓரம்தான். "கதிர் கனோரா பாபா போடுவாங்க, எடத்தை விட்டுடுங்க" என்றாள். விட்டிருக்கிறேன்.

ஆட்டத்தன்று எங்கள் பகுதி முழுக்க நீலம், நடுவில் இவள் ஒருத்தி பச்சை. உங்கள் இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை, என் போர்வையை விரித்து வைத்திருந்தேன். ஆட்டம் ஆரம்பித்ததும் எழுந்து நின்றாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நின்றாள். பின்னாலிருந்து ஒரு தடியன், "ஏ பச்சைக்கிளி, உக்காரு, மறைக்குது" என்றான். இவள் திரும்பி, "எங்க பாபா ரேடியோ முன்னாடி நின்னுக்கிட்டுதான் கேப்பாங்க. இப்பவும் அங்க நின்னுக்கிட்டுதான் இருப்பாங்க. நான் எப்படி உக்கார்றது?" என்றாள். அவன் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீலம் போட்டுக்கிட்டு இந்தப் பிள்ளையை எங்கேருந்து புடிச்சீங்க?" என்றான். "எங்க வீட்டுப் பிள்ளைடா. மறைச்சா எக்கிப் பாரு" என்று சொல்லிவிட்டு நானும் எழுந்து நின்றேன். கடைசி வரை நின்றேன். முழங்கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

எனக்காக அவள் எங்கேயும் நின்றதில்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன்.

கடைசிப் பந்தை ஹாக்லண்ட்தான் பிடித்தான். மைதானமே எழுந்து ஆடியது. டானிஸ் கைதட்டினாள், பாதியில் நிறுத்தினாள், குல்லாயை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்னடி?" என்றேன். "அவரும் நம்ம ஊர்தானே. எப்பத் தட்டணும், எப்ப நிறுத்தணும்னு தெரியல" என்றாள். இரண்டு கையையும் அந்தப் பைக்குள் விட்டுக்கொண்டாள். நான் குளிருக்கு என்று சொல்லி என் கையையும் உள்ளே விட்டேன். இடம் இருந்தது.

நீங்கள் வந்திருக்க வேண்டும்.

தெக்லா

கனோரா
நவம்பர் 18

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முழங்காலுக்கு முட்டைக்கோசு இலையைச் சூடுபண்ணிக் கட்டுங்கள், ராத்திரி முழுக்க இருக்கட்டும். எங்கள் தோட்டத்துக் கோசாக இருந்தால் சீக்கிரம் வடியும். அங்கே கடையில் கிடைப்பது தண்ணீர்.

ஆட்டத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்காரர் வானொலியை அணைத்துவிட்டு, "இப்பவாவது உக்காரு" என்றார். அப்போதுதான் நான் நின்றுகொண்டிருந்ததே எனக்குத் தெரிந்தது. உங்கள் கடிதத்தில் டானிஸ் எனக்காக நின்ற இடத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார், வெகுநேரம் வரவில்லை.

நீங்கள் தைத்தது கடைத் தையலைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று மைரன் போனில் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் குளிருக்குப் போட்டுக்கொண்டு போவது நீங்கள் தைத்ததை, சொல்வது நான் கற்றுக்கொடுத்த வார்த்தையை. இதில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் போய்விட்டது. பிரிக்க வரவில்லை. உங்கள் கை அந்தப் பைக்குள் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருந்தாலும், நான் இல்லாத இடத்தில் அந்தக் கை இருந்ததே என்றும் நினைத்துக்கொள்கிறேன். காலையில் ஒரு நினைப்பு, சாயங்காலம் ஒரு நினைப்பு.

மஞ்சள் நூல் வாங்கிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், இடுப்பு வலி இல்லை. கதிர் போட விட்ட இடத்தை வேறு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ஒன்று செய்யுங்கள். என் அலமாரியில் இருக்கும் படத்தில் டானிஸுக்கு முன்பல் இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆறு வயதா, ஏழு வயதா என்று கேட்கிறார்கள். அந்தப் பச்சையைப் போடச் சொல்லி, குல்லாயை முகத்தில் இழுக்காமல் பின்னால் தள்ளிவிட்டு, புதிதாக ஒரு படம் எடுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், நீலத்திலேயே நின்றாலும் சரி. என்னிடம் இருக்கும் படச்சட்டம் சிறியது, இரண்டு பேரும் நெருக்கி நின்றால்தான் உள்ளே வருவீர்கள். மடங்காமல் இருக்க ஒரு அட்டையை வைத்து, இந்த வாரமே தபாலில் போடுங்கள்.

பராஸ்கா